ஜன்னல் வழியே வரும் சூடு: இரட்டைக் கண்ணாடி போட்டும் அறை ஏன் வேகிறது?

எங்கள் குடியிருப்பில் எதிர்வீட்டு அக்கா போன கோடையில் படுக்கையறை ஜன்னலை மாற்றினார். மேற்குப் பார்த்த ஜன்னல். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு அந்த அறையில் இருக்கவே முடியாது. பழைய அலுமினியச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, யுபிவிசி என்ற கடினமான பிளாஸ்டிக் சட்டத்தில் இரட்டைக் கண்ணாடி பொருத்தினார்கள். "இனிமேல் சூடு உள்ளே வராது" என்று கடையில் சொல்லியிருந்தார்கள். கத்திரி வெயில் தொடங்கியதும் ஒரு நாள் நான்கு மணிக்கு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தெருச் சத்தம் நன்றாகக் குறைந்திருந்தது. ஆனால் கட்டிலின் மேல் வெயில் பழைய இடத்திலேயே, பழைய நீளத்திலேயே விழுந்து கிடந்தது. மெத்தை விரிப்பைத் தொட்டுப் பார்த்தேன். இஸ்திரி போட்டு அப்போதுதான் மடித்து வைத்த துணியைப் போல் சுட்டது.

அந்தக் கண்ணாடி மட்டமானது அல்ல. பொருத்தியதிலும் பிழை இல்லை. எந்த வழியாக வரும் சூட்டைத் தடுக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஜன்னல் என்று விளம்பரங்களிலும் வீடு கட்டுவோரின் பேச்சிலும் அடிக்கடி கேட்கிறோம். குளிர்நாட்டுக்குச் செய்த ஜன்னலும் வெயில் நாட்டுக்குச் செய்த ஜன்னலும் அந்த ஒரே பெயரில்தான் விற்கப்படுகின்றன. இரண்டும் செய்யும் வேலை வேறு. அந்த வேறுபாடு புரிந்துவிட்டால் கடையில் யாரும் நம்மை எளிதில் குழப்ப முடியாது.

காபி டம்ளரும் ஃபிளாஸ்கும்

சூடு ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் அடுக்களையிலேயே பார்க்கலாம்.

எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கும் காபியை ஊற்றினால் விளிம்பு கையைச் சுடுகிறது. உலோகத்தின் வழியாகவே சூடு நடந்து வருகிறது. இதற்குக் கடத்தல் என்று பெயர். இட்லிப் பானையின் மூடியைத் திறந்தால் சூடான காற்றும் ஆவியும் மேலே எழுந்து முகத்தில் அடிக்கின்றன. நகரும் காற்றோ நீரோ சூட்டைச் சுமந்து செல்வது சலனம். விறகடுப்பின் பக்கவாட்டில் இரண்டடி தள்ளி உட்கார்ந்தாலும் தணலின் அனல் கன்னத்தில் படுகிறது. குறுக்கே ஒரு முறத்தைப் பிடித்தால் அந்த நொடியே அனல் நின்றுவிடுகிறது. எதையும் தொடாமல், காற்றையும் நம்பாமல், ஒளியைப் போல நேராகப் பாய்ந்து வரும் இந்தச் சூடு கதிர்வீச்சு.

இப்போது பழைய கண்ணாடி ஃபிளாஸ்கை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு சுவர்கள், அவற்றுக்கு இடையில் வெற்றிடம். கடத்தலுக்கும் சலனத்துக்கும் அங்கே வழி இல்லை. கதிர்வீச்சு வெற்றிடத்தையும் தாண்டும் என்பதால் அதைத் திருப்பி அனுப்பக் கண்ணாடியில் வெள்ளி போலப் பளபளக்கும் பூச்சு இருக்கிறது. அந்தப் பூச்சு இல்லாவிட்டால் ஃபிளாஸ்க் பாதி ஃபிளாஸ்க்தான்.

எதிர்வீட்டு அக்கா வாங்கியது அப்படிப்பட்ட பூச்சில்லாத ஃபிளாஸ்க். இரண்டு சுவர் உண்டு, நடுவில் காற்று உண்டு, கதிர்வீச்சைத் தடுக்க ஒன்றும் இல்லை.

வெயிலில் நிறுத்திய கார்

சூரியனிலிருந்து தரைக்கு வரும் ஆற்றலில் கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறக்குறைய பாதிதான். இன்னொரு பாதி அகச்சிவப்புக் கதிர், அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர். மிகச் சிறிய பங்கு புற ஊதாக் கதிர். திரைச்சீலையையும் மர அலமாரியையும் வெளுக்க வைப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான்.

சாதாரணக் கண்ணாடி, சூரியனின் ஒளியையும் அதனுடன் வரும் அகச்சிவப்பையும் ஏறக்குறைய முழுவதும் உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே வந்தவை தரையிலும் கட்டிலிலும் சுவரிலும் பட்டு அவற்றைச் சூடாக்குகின்றன. சூடான கட்டிலும் வெப்பக் கதிரை வெளியிடும். ஆனால் அந்தக் கதிரின் அலை நீளம் வேறு. அதைக் கண்ணாடி ஊடுருவ விடாது. மூடிய ஜன்னலைத் தாண்டிச் சூடான காற்றும் வெளியே போக முடியாது. உள்ளே வர வழி திறந்திருக்கிறது, வெளியேற வழி அடைத்திருக்கிறது. வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய கார் ஒரு மணி நேரத்தில் அடுப்பாவது இதனால்தான். மேற்கு ஜன்னல் உள்ள அறையும் நிறுத்தி வைத்த கார்தான்.

ஜன்னலுக்கு உட்புறம் போடும் திரைச்சீலை ஏன் போதவில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது. வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டது. திரை சூடாகிறது. அந்தச் சூடு அறைக்குள்தான் தங்கும். வெளிர் நிறத் திரை கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்பும், அவ்வளவே.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: வெளிக்காற்றின் சூடு கண்ணாடி வழியாகக் கடந்து வருவது ஒன்று; வெயில் நேராக ஊடுருவி வருவது இன்னொன்று. இரட்டைக் கண்ணாடி முதலாவதைக் குறைக்கிறது. இரண்டாவதை அது பெரிதாகத் தொடுவதில்லை.

இரண்டு எண்கள், ஒரு கணக்கு

இந்த இரண்டு வழிகளையும் அளக்க இரண்டு எண்கள் இருக்கின்றன. ஜன்னல் வாங்கும்போது இவை மட்டும் தெரிந்தால் போதும்.

முதலாவது யு-மதிப்பு. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் ஜன்னல் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பது இது. ஒற்றைக் கண்ணாடிக்குச் சுமார் 5.7. பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடிக்குச் சுமார் 2.8. குறைந்தால் நல்லது.

இரண்டாவது வெயில் வெப்பக் குணகம், கடைகளில் எஸ்.எச்.ஜி.சி என்பார்கள். ஜன்னல் மேல் விழும் வெயிலில் எத்தனை பங்கு வெப்பமாக உள்ளே வந்து சேர்கிறது என்பது இது. ஒன்று என்றால் முழுவதும் வருகிறது, பூஜ்யம் என்றால் எதுவும் வரவில்லை. சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்குச் சுமார் 0.82. பூச்சில்லாத இரட்டைக் கண்ணாடிக்குச் சுமார் 0.72. வெயில் தடுப்புப் பூச்சுள்ள நல்ல கண்ணாடியில் 0.28 அளவுக்கு இறங்கும்.

அக்காவின் ஜன்னலையே கணக்குப் போடுவோம். சட்டத்தைக் கழித்தால் கண்ணாடி ஒன்றரை சதுர மீட்டர். மே மாதம் மாலை நான்கு மணிக்கு, தெளிவான வானம் இருந்தால், மேற்குச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 600 வாட் வெயில் விழும். அந்தக் கண்ணாடிக்கு மொத்தம் 900 வாட்.

பழைய ஒற்றைக் கண்ணாடியில் வெயிலாக உள்ளே வந்தது சுமார் 740 வாட். ஒரு 750 வாட் இஸ்திரிப் பெட்டியை அறை நடுவில் தொடர்ந்து எரியவிட்டால் எவ்வளவு சூடோ அவ்வளவு. வெளியே 38 டிகிரி, ஏசி போட்டு உள்ளே 26 டிகிரி என்றால், காற்றின் சூடாகக் கடந்து வந்தது சுமார் 100 வாட்தான்.

புதிய இரட்டைக் கண்ணாடி அந்த நூறை ஐம்பதாக்கியது. வெயிலை 740-இலிருந்து 650-க்குக் குறைத்தது. மொத்தம் 840 வாட் வந்த இடத்தில் இப்போது 700 வாட் வருகிறது. இஸ்திரிப் பெட்டி அங்கேயேதான் இருக்கிறது.

அதே விலைக்குப் பக்கத்தில், 0.28 குணகமுள்ள கண்ணாடியை வாங்கியிருந்தால் வெயிலாக வருவது 250 வாட் அளவில் நின்றிருக்கும். எனக்கு இதில்தான் வருத்தம். பணம் செலவழித்த பிறகு தெரிவதில் யாருக்கும் பயன் இல்லை.

டொரன்டோவில் சரி, தாம்பரத்தில்?

இரட்டைக் கண்ணாடி பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அது பிறந்து வளர்ந்த ஊர் வேறு. டொரன்டோவில் ஜனவரி மாதம் வெளியே மைனஸ் 10, உள்ளே 20 என்றால் வேறுபாடு 30 டிகிரி. பகலிலும் இரவிலும், மாதக்கணக்கில் பெரிய வேறுபாடு நீடிக்கிறது. வீட்டுச் சூட்டைக் காப்பதுதான் அங்கே ஜன்னலின் வேலை. அதனால் யு-மதிப்பு அங்கே ராஜா. வெயில் உள்ளே வந்தால் அங்கே வரவேற்பு. வெப்பமூட்டும் செலவு குறையும். லண்டனிலோ ஒஸ்லோவிலோ இருக்கும் நம் உறவினர்கள் "கட்டாயம் டபுள் கிளேசிங் போடுங்கள்" என்று அக்கறையோடு சொல்வது அவர்கள் வீட்டு அனுபவத்தில் முழு உண்மை.

சென்னையில் ஏசி அறைக்கும் வெளிக்கும் கோடைப் பகலிலேயே வேறுபாடு 12 டிகிரி அளவுதான். ஏசி இல்லாத அறையில் அதுவும் இல்லை. இங்கே ராஜா வெயில் வெப்பக் குணகம். ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற மலை ஊர்களில் கணக்கு மறுபடி மாறும். அங்கே குளிர்நாட்டு வழியே பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்க நிறுவனங்களின் தகவல் தாளில் யு-மதிப்பு 0.30 என்று பார்த்து மலைத்துவிடாதீர்கள். அவர்கள் அளக்கும் அலகு வேறு. நம் அலகில் பார்க்க அதை 5.68-ஆல் பெருக்க வேண்டும், 0.30 என்பது இங்கே 1.7. வெயில் வெப்பக் குணகத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அது எந்த நாட்டிலும் ஒரே எண்.

கண்ணுக்குத் தெரியாத வெள்ளி

ஃபிளாஸ்கின் பளபளப்பை ஜன்னலில் பூசினால் வெளியே எதுவும் தெரியாதே என்று கேட்கலாம். பூச்சு மிக மெல்லியதாக இருந்தால் தெரியும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஜன்னல் கண்ணாடியில் பூசப்படும் வெள்ளிப் படலத்தின் தடிமன் பத்து, இருபது நானோமீட்டர்தான். அவ்வளவு மெல்லிய வெள்ளி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெருமளவு விட்டுவிடும். வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும். இதைத்தான் லோ-ஈ கண்ணாடி என்கிறார்கள். வெப்பக் கதிரைக் குறைவாக வெளியிடும் கண்ணாடி என்பது அதன் பொருள். பூச்சில்லாத கண்ணாடி வெளியிடக்கூடிய வெப்பக் கதிரில் பத்தில் ஒரு பங்கு அளவே இது வெளியிடும்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. லோ-ஈ என்ற பெயர் மட்டும் போதாது. குளிர்நாட்டு லோ-ஈ, அறையின் சூட்டைக் காக்கும். வெயிலை உள்ளே விடும். வெயில் நாட்டு லோ-ஈயில் படலங்களின் அமைப்பு வேறு. அது சூரியனின் அகச்சிவப்பையும் திருப்பி அனுப்பும். இரண்டையும் பெயரால் பிரிக்க முடியாது, எண்ணால்தான் பிரிக்க முடியும். வெயில் வெப்பக் குணகம் என்ன என்று கேளுங்கள். 0.3-க்குக் கீழே இருந்தால் மேற்குச் சுவருக்கு ஏற்றது.

கறுப்புக் கண்ணாடி பற்றி

பழுப்பு, கருநீலக் கண்ணாடி போட்டால் குளிர்ச்சி என்பது நம்மிடையே பரவலான நம்பிக்கை. நிறக் கண்ணாடி வெயிலைத் திருப்பி அனுப்புவதில்லை, குடிக்கிறது. குடித்த சூட்டில் ஒரு பகுதியை வெளியே விடும், இன்னொரு பகுதியை உள்ளே விடும். மாலை நான்கு மணிக்கு அப்படிப்பட்ட கண்ணாடியின் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சில நொடிகளில் எடுத்துவிடுவீர்கள். அருகே உட்கார்ந்தால், தணலின் பக்கத்தில் இருப்பது போன்ற அந்த அனலை உடம்பு உணரும். அறையின் காற்று 27 டிகிரி என்று ஏசி காட்டினாலும் புழுக்கம் தீராது. வெளிச்சம் குறைவதால் பகலிலேயே விளக்குப் போட வேண்டிவரும்.

எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும் என்பதற்கும் ஓர் எண் உண்டு; ஒளி ஊடுருவல் என்பார்கள். குணகம் குறைவாகவும் ஒளி ஊடுருவல் நிறைவாகவும் இருக்கும் கண்ணாடியே நல்ல கண்ணாடி. நிறக் கண்ணாடியில் இந்த இரண்டும் சேர்ந்து வாய்ப்பது அரிது.

கண்ணாடிக்கு முன்னால் நிழல்

இங்கே நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது ஒன்று. ஜன்னலுக்கு ஒரு ரூபாய் செலவழிப்பதற்கு முன், வெளிப்புற நிழலுக்கு என்ன செய்யலாம் என்று பாருங்கள். கண்ணாடியைத் தொடாத வெயிலுக்கு எந்தப் பூச்சும் தேவை இல்லை.

நம் வீடுகளில் ஜன்னலுக்கு மேலே ஒன்றரை அடி சன்ஷேடு போடுவது வழக்கம். தெற்குச் சுவரில் அது அருமையாக வேலை செய்யும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நாட்களில் உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடும். ஆகவே கடும் கோடையின் நண்பகலில் தெற்கு ஜன்னலில் நேர்வெயில் படுவதே இல்லை. மார்கழியில் சூரியன் தெற்கே சாயும்போது, அந்த ஒன்றரை அடி சன்ஷேடு ஜன்னலின் மேல்பாதிக்கு நிழல் தரும்.

மேற்குச் சுவரில் கதை வேறு. மே மாதம் நான்கு மணிச் சூரியன் அடிவானத்திலிருந்து முப்பது டிகிரிக்குச் சற்று மேலேதான் இருக்கும். அந்தச் சாய்ந்த வெயிலில், ஒன்றரை அடி சன்ஷேடின் நிழல் சுவரில் ஓர் அடிதான் இறங்கும். நான்கடி ஜன்னலில் மீதி மூன்றடி வெயிலில் நிற்கும். மேற்குக்குக் கிடையான தடுப்பு உதவாது, முகத்துக்கு நேரே திரை வேண்டும். மூங்கில் தட்டி, வெளியே தொங்கும் சுருள் திரை, சாய்வுப் பலகைகள் கொண்ட மரக் கதவு, பால்கனி, மரம், எதுவானாலும் சரி. பழைய வீடுகளின் தாழ்வாரமும் முற்றத்தில் தொங்கிய வெட்டிவேர்த் தட்டியும் இதே வேலையைத்தான் செய்தன. வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்தால் காற்றும் குளிர்ந்து வந்தது.

எதிர்வீட்டு அக்கா கடைசியில் ஜன்னலுக்கு வெளியே, கம்பியில் ஒரு மூங்கில் தட்டியைக் கட்டினார். கண்ணாடிக்கும் தட்டிக்கும் அரையடி இடைவெளி, இடையில் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். கட்டிலின் மேல் விழுந்த வெயில் சின்னச் சின்னக் கீற்றுகளாகிவிட்டது. அடுக்குமாடிகளில் வெளியே எதையும் கட்டக் கூடாது என்று சங்கம் தடுத்தால், அப்போது கண்ணாடியின் குணகம்தான் வழி. இருக்கிற கண்ணாடியில் ஒட்டும் வெயில் தடுப்பு ஃபிலிமும் ஓரளவு உதவும். ஆனால் சூட்டைக் குடிக்கும் கருநிற ஃபிலிமை ஒட்டினால் கண்ணாடி சமமில்லாமல் சூடேறி விரிசல் விடுவதும் உண்டு. திருப்பி அனுப்பும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இதுவரை: முதலில் வெளியே நிழல், அடுத்துக் குறைந்த வெயில் வெப்பக் குணகம், அதன் பிறகே இரட்டை அடுக்கு.

இடுக்கும் சட்டமும் காற்றும்

கண்ணாடி எவ்வளவு உயர்வாக இருந்தாலும், ஓரத்தில் இடுக்கு இருந்தால் பயன் பாதியாகிவிடும். ஏசி ஓடும்போது ஜன்னல் ஓரங்களில் ஓர் ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே கசிவு. கடலோர ஊர்களில் இந்தக் கசிவின் விலை அதிகம், ஏனென்றால் உள்ளே நுழைவது சூடு மட்டுமல்ல, ஈரமும்தான். காற்றிலுள்ள ஈரத்தை ஒரு லிட்டர் தண்ணீராக மாற்ற, ஏசி சுமார் 680 வாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஏசி குழாயின் கீழே வைத்த வாளி நிரம்பும்போது அதில் ஜன்னல் இடுக்கின் பங்கும் இருக்கிறது. ரப்பர் பட்டையை மாற்றுவது சொற்பச் செலவு.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: அலுமினியம் சூட்டை எளிதில் கடத்தும். மரமும் யுபிவிசியும் பல நூறு மடங்கு குறைவாகக் கடத்தும்.

திறப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. நம் ஊரில் ஆண்டின் பல மாதங்கள் ஏசி இல்லாமல் காற்றிலேயே ஓட்டலாம். சென்னையில் கடற்காற்று இறங்கியதும் ஜன்னலைத் திறந்தால் அறை மாறிவிடுகிறது. இரண்டு பலகை நகரும் ஜன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும். கதவு போல் வெளியே விரியும் ஜன்னல் ஏறக்குறைய முழுவதும் திறக்கும். குடியிருப்புகளுக்காக மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு, சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில், திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. ஆறில் ஒரு பங்கு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. உங்கள் அறையை அளந்து பாருங்கள்.

எவ்வளவு மிச்சமாகும்?

மேலே போட்ட கணக்கில், பழைய ஒற்றைக் கண்ணாடியோடு ஒப்பிட்டால், 0.28 கண்ணாடி வெயிலில் ஏறக்குறைய 490 வாட் வெப்பத்தை வெளியிலேயே நிறுத்துகிறது. மூன்று வாட் வெப்பத்தை வெளியேற்ற ஏசிக்கு ஒரு வாட் மின்சாரம் என்று வைத்தால், மிச்சம் சுமார் 160 வாட். மேற்கு வெயில் மூன்று மணி நேரம் அடிக்கும் நாளில் அரை யூனிட். அப்படி நூறு நாள் என்றால், ஒரு ஜன்னலுக்கு 50 யூனிட். சில ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் இந்தக் கணக்கைக் காட்டி விளக்கம் கேளுங்கள்.

மின்கட்டணத்தில் தெரியாத பயன்கள் இருக்கின்றன. பகலில் சுவரும் கட்டிலும் சூடேறாததால் இரவு அறை சீக்கிரம் தணியும். ஏசி இல்லாத வீட்டில் பிள்ளைகள் மாலையில் அந்த அறையில் உட்கார்ந்து படிக்க முடியும். புதிதாகக் கட்டுபவர்கள் எல்லா மேற்கு ஜன்னல்களையும் இப்படிக் கவனித்தால், ஒன்றரை டன் ஏசி வாங்க இருந்த இடத்தில் ஒரு டன் போதுமானதாகலாம். சாலையோர வீடுகளுக்கு இரட்டைக் கண்ணாடி தரும் அமைதி தனி. அதற்காகவே அதை வாங்குவதில் தவறே இல்லை.

பொருத்தும் நாளில் செய்ய வேண்டிய சோதனை

இரட்டைக் கண்ணாடியில் லோ-ஈ பூச்சு உண்டு என்று சொன்னால், வீட்டில் பொருத்தும் நாளில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் கண்ணாடி முன் பிடியுங்கள். இரண்டு கண்ணாடிக்கு நான்கு முகங்கள், ஆகவே நான்கு சுடர்கள் பிரதிபலிக்கும். பூச்சு இருந்தால் ஒரு சுடரின் நிறம் மட்டும் மாறித் தெரியும். நம் ஊருக்கு அது வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாவது முகத்தில், அதாவது வெளிக்கண்ணாடியின் உட்பக்கத்தில் இருக்க வேண்டும். நான்கு சுடரும் ஒரே நிறமாக இருந்தால் பூச்சு இல்லை.

இரண்டு கண்ணாடிகளையும் இணைக்கும் ஓரப் பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் குருணைகள் இருக்கும். ஒட்டு விட்டுப்போனால் ஈரக்காற்று உள்ளே நுழைந்து, இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பனி படரும். அதைத் துடைக்க வழியில்லை, முழுக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும். ஏசி அறையில் விடியற்காலை வெளிமுகத்தில் முத்து முத்தாகப் பனி நிற்பது வேறு. வெளியிலுள்ள ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் படுவதால் வருவது அது, வெயில் ஏறியதும் போய்விடும். நடுவில் பனி படர்ந்தால் மாற்றித் தருவதாக எத்தனை ஆண்டுக்கு உத்தரவாதம் என்பதையும், வெயில் வெப்பக் குணகத்தையும் ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.